பசை காயும்வரை

என் நாத்தனாருக்கு எப்போதும் மூக்குக்கு மேல் கோபம் வரும். வேலை மேசையில் மட்டும் மூச்சைக்கூட அளந்துதான் விடுவார். கடைகளில் பார்கோடு வாசிக்கும் ஸ்கேனர்கள் எங்கள் கம்பெனியில்தான் தயாராகின்றன. லென்ஸை நகர்த்தி, சிவப்பு ஒளியை ஊசிமுனை அளவுப் புள்ளியாகக் குவித்து, ஒரு சொட்டுப் பசை வைப்பது அவர் வேலை. பசை இறுகும்வரை மேசை அதிரக் கூடாது.

பாழாய்ப்போன சூப்பர்வைசரோ காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டு நிற்பார். பசை ஈரம் காயுமுன்பே ஸ்கேனர்களை அள்ளிப் பெட்டியில் அடைத்து லாரியில் ஏற்றிவிடுவார். அப்படிப் போன ஒரு பெட்டி திரும்பி வந்தது. ஒரு ஸ்கேனரும் வாசிக்கவில்லையாம்.

"கனவு கண்டுக்கிட்டே லென்ஸ் வெப்பீங்களா?" என்று சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் நாத்தனாரைப் பார்த்துக் கத்தினார்.

நாத்தனார் மேசையில் ஓங்கி அறைந்தார். "நான் வெச்ச புள்ளி அசையவே..." என்றவர் நிறுத்திவிட்டார். சற்று முன்தான் பசை வைத்திருந்த நான்கு ஸ்கேனர்களின் புள்ளிகளும் அந்த அதிர்வில் எதிர்ச்சுவரில் ஊதிப் பெருத்துக் கிடந்தன.

சூப்பர்வைசர் இளித்தார். "பாத்தீங்களா உங்க லட்சணத்த?"

"பாத்தேன். இது நாலும் என் தப்புதான், நானே சரி பண்றேன். மேசைல விழுந்த ஒரு அறைக்கே இந்தக் கதின்னா, ஈரத்தோட லாரில ஏத்தினீங்களே, அந்தப் பெட்டி யாரு லட்சணம்?"