டோசர் ஷெட்டிலிருந்து வந்த தண்ணீர்

1. யாரைக் கேட்டாலும் "நஹி ஹை"

ராணுவ சப்ளையில் வேலை பார்த்தேன் என்றதும் பலர் துப்பாக்கிக் கதை கேட்க உட்கார்ந்துவிடுவார்கள். அவர்களுக்கு ஏமாற்றம்தான். நான் இருந்தது போர்ட் பிளேரில், கேட்டலாக் செக்‌ஷனில். நட்டு, போல்ட், வாஷர், ஆயில் சீல் இவைதான் என் உலகம். ஒவ்வொரு பொருளுக்கும் பதின்மூன்று இலக்கத்தில் ஒரு நம்பர் உண்டு. எந்தக் கம்பெனி செய்தாலும், எந்த மெஷினில் மாட்டினாலும், பொருள் ஒன்றென்றால் நம்பரும் ஒன்றுதான். இதை விளக்க ஆரம்பித்தாலே என் வீட்டுக்காரர் கொட்டாவி விடுவார். விடட்டும்.

மெயின்லேண்டில் ஸ்பேர் தீர்ந்தால் பக்கத்து ஊரிலிருந்து லாரியில் வரவழைக்கலாம். தீவில் கப்பல் வந்தால்தான் உண்டு. அதனால் இங்கே ஸ்டோர்கீப்பர்களிடம் ஒரு பழக்கம் ஊறியிருந்தது. நல்ல ஸ்பேர் கிடைத்தால் தனக்கு மட்டும் புரிகிற பெயரில் பதிந்துகொள்வார்கள். பக்கத்து யூனிட்காரர் சரியான பெயர் சொல்லிக் கேட்டால், மனசாட்சி உறுத்தாமல் "நஹி ஹை" என்று, அதாவது இல்லையென்று, அனுப்பிவிடலாம் அல்லவா!

பெயரே வேண்டாம், அளந்து நம்பர் போடுவோம் என்று நாங்கள் வெர்னியர் காலிப்பரோடு ஸ்டோர் ஸ்டோராக ஏறி இறங்கினோம். "பொண்ணு பாக்க வந்த மாதிரி அளக்குறாங்கப்பா" என்று கிண்டல் செய்தார்கள். ஸ்டோர் இன்சார்ஜ் யாருக்கும் அதில் நம்பிக்கை இல்லை. அளக்க விட்டார்கள், அவ்வளவுதான்.

2. பானி

மழையில்லாத மாதம். தெற்கே ஒரு சிறு தீவில் எங்கள் போஸ்ட் இருந்தது. ஜவான்களோடு சில குடும்பங்களும் அங்கே குடியிருந்தன. கடல்நீரைக் குடிநீராக்கும் பிளான்ட்தான் அவர்களுக்குக் கதி. அதன் பம்பில் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீல் கிழிந்து பிளான்ட் நின்றுவிட்டது.

லாஜிஸ்டிக்ஸ் ஆபீசர் வடநாட்டுக்காரர், பதற்றமே படாதவர். அன்று செக்‌ஷனுக்குள் வந்தபோது முகம் சுண்டியிருந்தது.

"மேடம், பானி கதம் ஹோ ரஹா ஹை, தண்ணீர் தீர்ந்துகொண்டிருக்கிறது. டேங்க்கில் இருப்பது இந்த வாரத்துக்குத்தான். சின்னக் குழந்தைகள் இருக்கிறார்கள்" என்று ஹிந்தியில் சொன்னார்.

எல்லா ஸ்டோருக்கும் போன் போட்டிருக்கிறார். எங்கும் அந்தப் பம்புக்குச் சீல் இல்லை. மெயின்லேண்ட் டிப்போவிலும் இல்லை. வெளிநாட்டுப் பம்பு என்பதால் ஆர்டர் கொடுத்துக் காத்திருக்க வேண்டுமாம். பஜார் சீல் ஒன்றைப் போட்டுப் பார்த்தார்கள், சூட்டில் உடனே இளகிவிட்டது.

"பம்பு பெயரை விடுங்க சார். உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன், ரப்பர் என்ன ரகம், இதை மட்டும் ரேடியோவில் கேளுங்க" என்றேன்.

பதில் வந்தது. அளவுகளைச் சிஸ்டத்தில் தட்டினேன். ஒரே ஒரு வரி வந்து நின்றது. டோசர் ஷெட், இருப்பு இரண்டு. ரோட்டில் சரியும் மண்ணை அள்ளும் புல்டோசர்கள் நிற்கும் இடம் அது. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து கை தட்டினேன். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறோம்!

3. கருப்பையா அண்ணன்

டோசர் ஷெட் சௌல்தாரி போகும் வழியில். ஸ்டோர்கீப்பர் கருப்பையா ராமநாதபுரம் பக்கத்துக் குடும்பத்துக்காரர். ஆபீசரும் நானும் ஜீப்பிலிருந்து இறங்கும்போதே அவர் உஷாராகிவிட்டார்.

"பம்பு சீலெல்லாம் நம்மகிட்ட ஏது தங்கச்சி?"

"டோசர் ஹைட்ராலிக் சீல் இருக்குல்ல அண்ணே? ரெண்டுக்கும் நம்பர் ஒண்ணுதான்."

"நம்பர் ஒண்ணா இருக்கட்டும். போன வருசம் பெல்ட் வாங்கிட்டுப் போனவுக இன்னும் வந்துக்கிட்டே இருக்காக. நாளைக்கு மண்ணு சரிஞ்சு ரோடு அடைக்கும். டோசர் நின்னா ஆபீசர் சாப் லோக் என் கழுத்தத்தான புடிப்பாக?"

எனக்கு எரிச்சல் வந்தது, ஆனால் அவர் சொன்னதில் பொய் இல்லை. எங்கள் தீவில் ஸ்பேர் கடன் கொடுத்தால் கொடுத்ததுதான், திரும்பி வந்ததாகச் சரித்திரமில்லை. ஆபீசர் அதட்டி வாங்கியிருக்கலாம். கொஞ்சம் பொறுங்கள் என்று கண்ணைக் காட்டினேன்.

"அண்ணே, இந்த நம்பர்ல அடுத்து எந்தச் சீல் வந்தாலும் முதல்ல உங்க ஷெட்டுக்குத்தான்னு சிஸ்டத்துல இப்பவே லாக் போடறேன். சார் இங்கேயே அப்ரூவ் பண்ணுவாரு."

ஆபீசர் தலையாட்டினார். ஷெட் கம்ப்யூட்டரிலேயே நின்றபடி முடித்துக் கொடுத்தோம். கருப்பையா திரையை உற்றுப் பார்த்தார்.

"அந்தத் தீவுல புள்ளகுட்டி இருக்காமா?"

"இருக்குண்ணே."

உள்ளே போனவர் கிரீஸ் பேப்பரில் சுற்றிய இரண்டு சீலையும் கொண்டுவந்தார். "ஒண்ணு மாட்டும்போதே கிழிஞ்சா என்ன செய்வீக? ரெண்டையும் கொண்டு போங்க."

ஹெலிகாப்டரில் சீல் போனது. மறுநாள் ரேடியோ ரூமிலிருந்து ஆபீசர் ஓடியே வந்தார். "பானி சாலூ, மேடம்! பானி சாலூ!" தண்ணீர் வந்துவிட்டது என்று செக்‌ஷன் முழுவதும் கத்தினோம். எனக்கு அழுகை வந்துவிட்டது, சந்தோஷ அழுகைதான்.

4. வராந்தா

உண்மையான வெற்றி பிறகுதான் வந்தது. ஆர்டர் கொடுத்திருந்த சீல் பார்சல் மெயின்லேண்டிலிருந்து ஃபீனிக்ஸ் பே துறைமுகத்தில் வந்து இறங்கியதும், இன்னொரு யூனிட் பெரிய இடத்துச் சிபாரிசோடு கேட்டது. லாக் அசையவில்லை. ஆபீசரும் அசையவில்லை. சீல்கள் நேராக டோசர் ஷெட்டுக்குப் போயின. கருப்பையா தீவு முழுக்கப் போன் போட்டுச் சொல்லியிருக்கிறார்: "குடுத்தது திரும்பி வந்துருச்சுப்பா!"

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். பொருள் எங்கே இருக்கிறது என்று நம்பர் காட்டும். ஆனால் கொடுத்தது திரும்பி வரும் என்ற நம்பிக்கை இருந்தால்தான் ஸ்டோர்காரர் பூட்டைத் திறப்பார். இரண்டும் சேர்ந்ததுதான் கேட்டலாக்.

அடுத்த திங்கட்கிழமை செக்‌ஷனைத் திறக்க முடியவில்லை. வராந்தா நிறைய ஸ்டோர்கீப்பர்கள். பிஸ்கட் டின், பால் டப்பா, பழைய பெட்ஷீட் மூட்டை என்று அள்ளிக்கொண்டு வந்திருந்தார்கள். நாங்கள் அளக்கப் போனபோது கண்ணில் காட்டாத பேரிங், வால்வு, ஃபில்டர், கேஸ்கட் எல்லாம் உள்ளே. "மேடம், இதையும் அளந்து நம்பர் போட்டுக் குடுங்க" என்று ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு நின்றார்கள். எந்தக் கப்பலும் ஒரே தடவையில் கொண்டுவராத அளவு ஸ்பேர் அன்று எங்களுக்கு வந்து சேர்ந்தது. அத்தனையும் தீவிலேயே இருந்தவை.