முதலில் உடைய வேண்டிய ஒன்று

என் மனைவியின் தங்கையைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதும் நிலைமை எனக்கு வரும் என்று மூன்று வருடத்துக்கு முன்னால் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். பேச்சுக்குப் பேச்சு பதில் வைத்திருப்பவள். சாப்பிட உட்கார்ந்தால்கூட கியர் பற்களைப் பற்றித்தான் பேசுவாள். அதனால் நான் அவளுக்குப் பல்சக்கரம் என்று பெயர் வைத்தேன். பதிலுக்கு அவள் எனக்கு ஹாரன் என்று வைத்தாள். தேவையில்லாத இடத்தில் சத்தம் போடுவேனாம்.

பேருந்து பணிமனைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட பட்டறை அவளுடையது. இரண்டு வண்டி நிற்கும் அளவு இடம். டிரில்லிங் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு இரும்பு அலமாரி. அதில் முழுக்க உடைந்த சாமான்தான். ஒவ்வொன்றிலும் கம்பியால் கட்டிய அட்டை தொங்கும். என்ன உடைந்தது, எங்கே, ஏன், வண்டி எவ்வளவு நேரம் நின்றது என்று நாலு வரி. மேல் தட்டில் முதலாவதாக இருப்பது நான் ஓட்டிய வண்டியின் பின் ஆக்சில்.

நான் மருத்துவமனை வண்டியின் டிரைவர். ஆற்றைத் தாண்டி மலைமேல் இருக்கும் கல்குவாரிக்கும் அதைச் சுற்றிய வீடுகளுக்கும் வாரம் ஒருமுறை போய்வருவது என் வேலை. ஒருநாள் கால் நசுங்கிய குவாரித் தொழிலாளி ஒருவரைப் பின்னால் படுக்கவைத்து இறங்கும்போது, ஆற்றின் நடுவில் ஆக்சில் உடைந்தது. ஆறு மணி நேரம் அங்கேயே கிடந்தோம். அவருடைய காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இன்றைக்கும் என்னைப் பார்த்தால் அந்த மனுஷன் சிரிக்கிறார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அந்த ஆக்சிலைப் பட்டறையில் இறக்கியதும் பல்சக்கரம் அட்டையை எழுதிக் கட்டினாள். நாலாவது வரியில் 'ஆறு மணி நேரம்' என்று இருந்தது.

பழைய வண்டியின் உடம்பை வைத்துக்கொண்டு புதிதாக ஒன்று செய்வது என்று மருத்துவமனை முடிவெடுத்தது. சின்ன டீசல் எஞ்சின், அதோடு ஒரு மின்சார மோட்டார். இரண்டும் சேர்ந்து நாலு சக்கரத்தையும் சுற்ற வேண்டும். வேலை பல்சக்கரத்துக்கு வந்தது. டாக்டரம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: மழைக்கு முன்னால் ஒருமுறை குவாரிவரை ஏறிக் காட்ட வேண்டும். முடியாவிட்டால் மலைப் பயணம் நிறுத்தப்படும், நோயாளிகள் எப்படியாவது தாங்களே இறங்கி வரட்டும்.

எனக்கு யோசனையே தேவைப்படவில்லை. இருப்பதிலேயே தடியான லாரி ஆக்சிலை வாங்கிப் போட்டால் தீர்ந்தது. அவளைக் கூட்டிக்கொண்டு பழைய உதிரிபாகக் கடைகளுக்குப் போனேன். முதல் கடைக்காரர் தொடை தடிமனில் ஒன்றை உருட்டி வந்தார்.

"இதே ஆக்சில்ல உடைஞ்சது ஒண்ணு இருந்தா காட்டுங்கண்ணே," என்றாள்.

"இதெல்லாம் உடையவே உடையாதும்மா."

"அப்ப எனக்கு வேண்டாம்."

எனக்கு மானம் போயிற்று. மூன்று கடையில் இதே கூத்து. நாலாவது கடைக்காரர் மட்டும் மேசைக்கு அடியிலிருந்து ஒரு துண்டை எடுத்துப் போட்டார். அவள் உடைந்த முகத்தை விரலால் தடவிப் பார்த்தாள். "பாதி மழமழன்னு இருக்கு, பாதி சொரசொரன்னு இருக்கு. ரொம்ப நாளா விரிசல் விட்டு அப்புறம்தான் போயிருக்கு. சட்டுனு போகல. இது நல்ல இரும்பு." அவரிடமே முன்னுக்கும் பின்னுக்கும் நடுத்தர அளவில் ஆக்சில் எடுத்தாள். முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் சுற்ற, உள்ளே பல் எண்ணிக்கை ஒன்றாக இருக்க வேண்டுமாம்; இரண்டும் ஒரே கணக்கு என்று அவர் சொன்னதைக் காதில் வாங்காமல், சாக்பீஸால் குறிபோட்டு இரண்டிலும் பல்லை எண்ணினாள். பின்னால் உள்ளதில் இரண்டு பல் குறைந்தது. கடைக்காரரே அசந்துபோய் வேறு எடுத்துக் கொடுத்தார்.

அதுவரை நானும் பொறுத்துக்கொண்டேன். முன் ஆக்சிலுக்குச் சக்தி கொண்டுபோகும் தண்டை அதோடு இணைக்கும் ஜாயிண்ட் எடுக்கும்போது, வேண்டுமென்றே ஒரு அளவு சின்னதாக எடுத்தாள். எனக்கு ரத்தம் தலைக்கேறியது.

"தெரிஞ்சே நோஞ்சான் சாமானைப் போடறியா?"

"எஞ்சின் வேகம் புடிச்சாத்தான் பலம் காட்டும், அத்தான். மோட்டார் அப்படியில்ல, நின்ன இடத்துலயே முழுசா முறுக்கும். சக்கரம் கல்லுல மாட்டிக்கிச்சுன்னா ஏதாவது ஒண்ணு உடைஞ்சுதான் ஆகணும். அது எதுன்னு நாமதான் முடிவு பண்ணணும்."

"எதுவுமே உடையாத மாதிரி பண்ணு."

"ஜாயிண்ட் தாங்கினா ஆக்சில் போகும். ஆக்சில் தாங்கினா உள்ள இருக்கற பல்லு போகும். பல்லு போனா ஆத்துல உக்காந்து என்ன பண்ணுவீங்க? பாட்டு பாடுவீங்களா?"

நாலு நாள் அவளோடு பேசவில்லை. மனைவியிடம் புலம்பினேன். "அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்று சொல்லிவிட்டு என் தட்டில் சோற்றைப் போட்டாள். அந்த வீட்டில் எனக்கு ஆள்பலம் அவ்வளவுதான்.

சோதனை நாளன்று டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்தார், பல்சக்கரம் பின்னால். ஆற்றை அழகாகக் கடந்தோம். எதிர்க்கரை மேட்டில் முன் சக்கரம் இரண்டு கல்லுக்கு நடுவே சிக்கியது. பின்னால் எடுத்துத் திருப்பியிருக்க வேண்டும். அந்த இடத்தில் எனக்கு எப்போதும் நிதானம் இருப்பதில்லை. ஓங்கி மிதித்தேன். அடியில் 'டக்' என்றது. பின் சக்கரங்கள் மட்டும் மண்ணைப் பறித்தன.

அதே ஆறு, அதே சத்தம். எல்லாம் முடிந்தது என்று ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டேன். அதற்குள் அவள் இறங்கி, சீட்டுக்கு அடியிலிருந்து ஜாயிண்ட் மாட்டித் தயாராக இருந்த இன்னொரு தண்டை வெளியே எடுத்துவிட்டாள்.

டாக்டரம்மா அவளிடம் கேட்டார்: "இன்னிக்கு நீங்க இருக்கீங்க. நீங்க இல்லாதப்போ?"

அவள் ஸ்பேனரை என் கையில் வைத்தாள். "நீங்க மாத்துங்க, அத்தான்."

ஈரக் கல்லில் மல்லாந்து படுத்தேன். மொத்தமே எட்டு போல்ட். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தபடி நின்றாள். இருபத்தாறு நிமிடத்தில் மாட்டிவிட்டேன். குவாரியில் இறங்கியதும் டாக்டரம்மா, "அடுத்த வாரத்துலேர்ந்து வழக்கம்போல வரலாம்," என்றார்.

மழைக்காலத்தில் ஒரு மதியம், பிரசவ வலியில் துடித்த ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு வந்தேன். கூட வந்தவர் அவளுடைய அப்பா. அன்றைக்கு ஆற்றில் கிடந்து காலை இழந்து, இப்போது கட்டையை ஊன்றி நடக்கும் அதே மனுஷன். ஆற்றில் தண்ணீர் முட்டிவரை ஓடியது. ஊர்ப் பக்கத்துக் கரை ஏறும்போது சக்கரம் சிக்கியது, நானும் பழைய புத்தியில் மிதித்தேன், ஜாயிண்ட் உடைந்தது. சீட்டுக்கு அடியிலிருந்த மாற்றுத் தண்டை எடுத்துக்கொண்டு நான் சேற்றில் படுத்ததும் அவரும் கட்டையோடு இறங்கி வந்து குனிந்தார்.

"போல்ட்டெல்லாம் எங்கிட்ட குடுங்க, தண்ணியில போயிடும்."

எட்டையும் உள்ளங்கையில் பொத்தி வைத்துக்கொண்டு, கேட்கக் கேட்க ஒவ்வொன்றாகக் கொடுத்தார். மருத்துவமனைக்குள் நுழைந்து அரை மணியில் குழந்தை பிறந்தது.

உடைந்த ஜாயிண்டைப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். பல்சக்கரம் அட்டை எடுத்து எழுதினாள்: 'முன் ஜாயிண்ட். ஆற்றுக் கரை. ஹாரன் பொறுமை இழந்தது.' நாலாவது வரிக்கு வந்ததும் பேனாவை என்னிடம் நீட்டினாள். 'பத்தொன்பது நிமிடம்' என்று எழுதி, மேல் தட்டில் அந்தப் பழைய ஆக்சிலுக்குப் பக்கத்தில் நானே வைத்தேன்.