பொன்னுருக்குக்குப் போக வேண்டிய கார்

1. இப்பத்தான் கையில வைச்சிருந்தனான்

கார்ச் சாவியைத் தொலைத்துவிட்டு எனக்குப் போன் எடுக்கிறவர்கள் எல்லாரும் முதலில் சொல்வது ஒரே வசனம்தான்: "இப்பத்தான் அண்ணே கையில வைச்சிருந்தனான்." நேற்றுத் தொலைத்தவரும் அதையே சொல்வார், போன கிழமை கடலில் விழுத்தியவரும் அதையே சொல்வார். நான் நம்புவதில்லை. கார் என்ன மொடல், எங்கே நிற்கிறது என்று மட்டும் கேட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளை எடுத்துவிடுவேன்.

ஓர்ஸ் ஹில்லில் எனக்கு வீடு இருக்கிறது, கடை இல்லை. மோட்டார் சைக்கிளின் பின்சீட்டில் கட்டியிருக்கும் பெட்டிதான் கடை. அதற்குள் ஸ்கேனர், சாவி வெட்டுகிற சின்ன மெஷின், பூட்டுத் திறக்கிற கம்பிகள், நாலைந்து புதுச் சாவி, வியர்வை துடைக்க ஒரு துவாய். இந்தத் தொழிலுக்கு வர விரும்பும் பிள்ளைகள் என்னிடம் கேட்பது, எந்த ஸ்கேனர் வாங்கலாம் என்பதுதான். அதையெல்லாம் போனில் தேடினால் கிடைக்கும். போனில் கிடைக்காத ஒன்றைச் சொல்கிறேன், கேளுங்கள்.

அன்று போன் வந்தது காலை ஒன்பதரைக்கு.

"அண்ணே, கோட்டைக்குள்ள, மலைக் கோயிலடியில நிக்கிறம். கார்ச் சாவியைக் காணேல்ல. இப்பத்தான் கையில வைச்சிருந்தனான்."

"உம்மட கையிலயா?"

"இல்லையண்ணே, அக்காட கையில."

பாதியாவது உண்மை சொல்கிறாரே என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு போனேன்.

2. மாப்பிள்ளையும் அக்காவும்

காருக்குப் பக்கத்தில் பட்டு வேட்டியும் சால்வையுமாக ஒரு பெடியன் நின்று சிரித்துக்கொண்டிருந்தான். சாவி தொலைத்தவன் சிரிப்பதை நான் அன்றுதான் முதல்முதல் பார்த்தேன். பெயர் சுதன். வெருகல் பக்கத்துக் கடற்கரை ஊர், சொந்தமாகப் படகு வைத்திருக்கிறவன். அவனுக்குக் கலியாணம். அன்றைக்குப் பொன்னுருக்கு, அதாவது தாலி செய்வதற்கான பொன்னை நல்ல நேரம் பார்த்து உருக்குகிற சடங்கு. டவுனில் நகை செய்கிற பத்தர் அடுப்பு மூட்டிக் காத்திருக்கிறார். நேரம் பத்து நாற்பதிலிருந்து பதினொன்று இருபது வரை.

"அந்த நேரம் தப்பினா?" என்று கேட்டேன்.

"கலியாணத்துக்கு முதல் வேற நாள் இல்லையெண்டு சாத்திரியார் சொல்லிப்போட்டார் அண்ணே. பொம்பிளை வீட்டார் இதுகளில சரியான கண்டிப்பு. ஆனா நீங்கதான் வந்திட்டீங்களே!"

அவன் அதற்கும் சிரித்தான். சிரிக்காமல் நின்றது அவனுடைய அக்கா மலர்தான். முகம் வெளிறி, கைப்பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார்.

நடந்தது இதுதான். கார் அவன் புதிதாக வாங்கிய பழைய கார். அதனால் சாவியையும் அர்ச்சனைத் தட்டில் வைத்துப் பூசை செய்திருக்கிறார்கள். சாமிக்குக் காட்டியதெல்லாம் ஒன்றாக இருக்கட்டும் என்று, சாவியையும் வாழைப்பழம், வெற்றிலையோடு ஒரு பச்சை நிற ஷொப்பிங் பையில் அக்கா போட்டிருக்கிறார். காரடிக்கு வந்ததும் பையைப் பக்கத்துக் கல்லில் வைத்துவிட்டு, சிதறு தேங்காய் அடிக்கப் போயிருக்கிறார்கள். திரும்பி வந்தால் கல் மட்டும் இருக்கிறது.

"குரங்குதான் அண்ணே," என்றான் சுதன். "சாவி போனாப் போகட்டும், நீங்க புதுசு அடியுங்கோ. கார் நல்ல கார். சாவியோட கிட்டப் போனாலே ரெண்டு பக்கக் கண்ணாடியும் தானா விரியும். தூரப் போனா மடியும். முந்தி வைச்சிருந்தவர் பொருத்தின சாமான்."

3. மெஷின் கேட்ட கேள்வி

கதவைக் கம்பியால் திறக்க எனக்கு மூன்று நிமிஷம் போதும். திறந்ததும் அலாரம் கத்தியது. கோயிலுக்கு வந்த சனமெல்லாம் நான் கார் களவெடுக்கிறேன் என்று திரும்பிப் பார்த்தது. அதை நிற்பாட்டி, உள்ளே ஏறி, குரங்குக்குப் பயந்து கதவையும் சாத்திக்கொண்டு ஸ்கேனரைக் கொழுவினேன். உள்ளே சூடென்றால் சூடு, இட்டலி அவிக்கலாம்.

ஸ்மார்ட் கீ எல்லாம் தொலைந்தால் செய்வது இதுதான்: காரின் மூளையில் இருக்கிற பழைய சாவிகளின் பதிவை அழித்துவிட்டுப் புதியதைப் பதிய வேண்டும். அழித்தபின் பழைய சாவி கிடைத்தாலும் கார் அதைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாது. சில குடும்பங்களில் வெளிநாடு போனவரை மறப்பது மாதிரித்தான்.

ஸ்கேனர் திரையில் கேள்வி வந்தது: எல்லாச் சாவிகளையும் அழிக்கவா? ஓமா, இல்லையா? நான் ஓமுக்கு மேலே விரலை வைக்கப் போகிறேன், யாரோ கண்ணாடியில் தட்டுகிறார்கள். மலர் அக்கா.

அவர் தம்பியைச் சோடா வாங்க அனுப்பிவிட்டுத்தான் வந்திருந்தார். கதவைக் கொஞ்சம் திறந்தேன்.

"தம்பி, ஒரு கதை. அந்தப் பைக்குள்ள பவுண் காசும் இருக்கு."

"எந்தக் காசு?"

"உருக்கிறதுக்குக் கொண்டு போற காசு. ஐயர் பூவோட சேர்த்துத் தந்தவர். மஞ்சள் துணியில முடிஞ்சு அதுக்குள்ளயே போட்டிட்டன். அவன் என்ர கைப்பைக்குள்ள இருக்கெண்டு நினைச்சுக் கொண்டிருக்கிறான்."

"சொல்லலாமே அக்கா."

"எப்படிச் சொல்றது? என்ர சங்கிலியைக் குடுத்து வாங்கின காசு. அது அவனுக்குத் தெரியாது. தெரிஞ்சா வேண்டாம் எண்டிருப்பான். கார் ஓடினாலும் வெறுங்கையோட பத்தரிட்டப் போய் என்ன செய்யிறது தம்பி?"

வந்த வேலை சாவி. தொலைந்தது வேறு. ஸ்கேனரில் இல்லை என்பதை அமத்திவிட்டு இறங்கினேன்.

4. ஆளாளாக வாங்கோ

அப்போதுதான் என் மரமண்டைக்கு ஒன்று விளங்கியது. பழைய சாவியை அழிக்காதவரைக்கும் காருக்கு அந்தச் சாவியைத் தெரியும். சாவி இரண்டு மூன்று முழத்துக்குள் வந்தால் கண்ணாடி விரியும். பையை எடுத்தது யாராக இருந்தாலும் இந்தக் காரே காட்டிக்கொடுக்கும்! கதவைத் திரும்பச் சாத்தினேன். கண்ணாடிகள் இரண்டும் மடிந்தபடியே இருந்தன.

அந்த நேரம் பார்த்து, கந்தளாயிலிருந்து காலையிலேயே ஒரு பஸ் நிறைய வந்த யாத்திரிகர் கும்பிட்டு முடித்துக் கோயிலிலிருந்து திரும்பி வந்தார்கள். நான் கையைத் தட்டி, "எல்லாரும் ஒருக்கா இந்தக் காருக்குக் கிட்டவாப் போங்கோ! ஆளாளா, தள்ளாம!" என்று சத்தம் போட்டேன். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. கோயிலடியில் வரிசை என்றால் நம் சனம் நிற்கும். ஒரு அம்மா காரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார். இரண்டு பேர் முன் கண்ணாடியில் பூ வைத்தார்கள். கண்ணாடி அசையவில்லை.

நேரம் பத்து இருபது. சுதன் சோடாப் போத்தல்களோடு வந்து, "என்னண்ணே, என்ர காருக்குத் திருவிழாவோ?" என்றான்.

கடைசியாக வந்தார் தங்கப் பிரேம் கண்ணாடி போட்ட ஒரு பருத்த ஐயா. அவர் காரைத் தாண்டும்போது 'ஸ்ஸ்' என்று காரின் இரண்டு கண்ணாடியும் விரிந்தன.

"பிடியுங்கோ!" என்று கத்திக்கொண்டு நானும் சுதனும் பாய்ந்தோம்.

"என்னடாப்பா, விசரே உங்களுக்கு? நான் ஓய்வுபெற்ற அதிபர்!" என்று அவர் துள்ளினார். சேர்ட் பொக்கற், பேர்ஸ், தொப்பி எல்லாவற்றையும் தானாகவே கவிழ்த்துக் காட்டினார். ஒன்றுமில்லை. நான் அவருடைய கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கும்போது, அவருக்குப் பின்னால் காரின் டிக்கியோடு உரசிக்கொண்டு நின்ற மற்ற ஆளைப் பார்த்தேன்.

புள்ளிமான். பெரிய கொம்பு. கொம்பில் பச்சை ஷொப்பிங் பை.

கோட்டைக்குள் மான்கள் வீட்டுக்காரர் மாதிரித்தான் உலாவும். பழத்துக்காகப் பைக்குள் தலையை விட்டிருக்கிறது, கைபிடி கொம்பில் மாட்டிக்கொண்டது. அதிபரையா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "முதல்ல அதை விசாரிச்சிருக்கலாமே!" என்றார்.

5. பழம் ஒன்று, மான் ஒன்று

"காரில வீச்சுவலை கிடக்கு அண்ணே," என்றான் சுதன், ஏற்கெனவே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு.

"வலையை எடுத்தீரெண்டா பொன்னுருக்கு இல்ல, பொலிஸ்தான்," என்று அவனைப் பிடித்து நிற்பாட்டினேன்.

அதற்குள் மலர் அக்கா கடையில் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். பட்டுச்சேலையோடு மண்ணில் குந்தினார். ஒரு பழத்தை உரித்து நீட்டினார். மான் மணந்து பார்த்தது, ஒரு அடி வைத்தது. மூன்றாவது பழத்துக்கு மான் தலையைக் குனிய, அவர் மற்றக் கையை மெதுவாகப் பைக்குள் விட்டார். வெளியே வந்தது மஞ்சள் துணி முடிச்சு. சனம் கைதட்டியது. மான் வெருண்டு, பையும் சாவியுமாக இருபது அடி பாய்ந்து போய் நின்றது.

சுதன் முடிச்சைப் பார்த்தான். "அக்கா, காசு அதுக்குள்ளயா இருந்தது?" சிரிப்பு அப்போதுதான் நின்றது.

"பிறகு கதைப்பம், ஏறு காரில!" என்றார் அக்கா.

நேரம் பத்து ஐம்பது. புதுச் சாவி பதிய இன்னும் அரை மணித்தியாலம் வேண்டும். பக்கத்தில் ஓட்டோ ஒன்றும் இல்லை. என் மோட்டார் சைக்கிளில் மூன்று பேர் ஏற ஏலாது. வெருண்ட மான் இனிப் பைக்குள் கை விட விடாது. அப்போது நான் செய்ததை நீங்கள் செய்யாதீர்கள். புஷ் ஸ்டார்ட் காரில் ஸ்டார்ட் பண்ணத்தான் சாவி வேண்டும். ஓடத் தொடங்கிவிட்டால் சாவி இறங்கிப் போனாலும் எஞ்சின் நிற்காது, எச்சரிக்கைச் சத்தம் மட்டும் வரும்.

"சுதன், பிரேக்கை மிதிச்சுக் கொண்டு இரும். நான் சொல்லேக்க பட்டனை அமத்தும். அக்கா, மானைக் கதவடிக்குக் கூப்பிடுங்கோ!"

அக்கா காரில் ஏறி, திறந்த கதவால் பழத்தை நீட்டினார். மான் ஆடி அசைந்து வந்து தலையை உள்ளே விட்டது. கண்ணாடி விரிந்தது. "அமத்து!" என்றேன். எஞ்சின் உறுமியது. நான் மானைப் பழத்தோடு வெளியே இழுத்தேன். கதவு சாத்துப்பட்டது.

"வழியில எங்கயும் நிப்பாட்டாதேங்கோ! நிண்டா நிண்டதுதான்!"

'கீங் கீங்' என்று கத்திக்கொண்டு கார் போனது. பஸ் சனம் அரோகரா சொன்னது. அதிபரையாதான் எல்லாரையும் விடச் சத்தமாகச் சொன்னார்.

6. ஓடிக்கொண்டு நின்ற கார்

பிறகு நானும் மானும். அது போன இடமெல்லாம் சீப்பும் கையுமாகப் போனேன். சரியாகப் பதினொன்று பத்துக்குப் போன் அடித்தது.

"அண்ணே, உருகீட்டுது! நேரத்துக்கு உருகீட்டுது! ஆனா கார் பத்தர் வாசல்ல ஓடிக்கொண்டு நிக்குது. பூட்டவும் ஏலாது, நிப்பாட்டவும் பயமாக் கிடக்கு. பத்தர் புகை எண்டு ஏசுறார்."

"நில்லும், என்ர ஆள் இன்னும் சாப்பிட்டு முடிக்கேல்ல," என்றேன்.

மான் ஒருவழியாக வேப்பமரத்தில் கொம்பைத் தேய்த்துப் பையைக் கிழித்தது. சாவி புல்லில் விழுந்தது. துடைத்து எடுத்துக்கொண்டு டவுனுக்குப் பறந்தேன். பத்தர் வாசலில் ஓடிக்கொண்டிருந்த காரை நானே நிற்பாட்டினேன்.

உள்ளே எல்லாரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டு மான் கதை சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சுதன் நடித்தே காட்டினான். நடுவில் அவன் கண் அக்காவின் கழுத்தில் போய் நின்றது.

"அக்கா, உன்ர சங்கிலி எங்க?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் தேத்தண்ணியை எடுத்துக் குடிக்கத் தொடங்கினேன்.

"மான் கொண்டுபோயிட்டுது," என்றார் அக்கா.

சுதன் சிரிக்கத் தொடங்கி, பாதியில் விளங்கி, அக்காவின் மடியில் முகத்தை வைத்துக்கொண்டான். அவர் அவன் தலையைத் தடவிக்கொண்டே, "எழும்படா, வேட்டி கசங்குது," என்றார். எனக்கும் கண் கலங்கியது, புகை என்று சொல்லிச் சமாளித்தேன்.

பிள்ளைகளே, ஸ்கேனர் எதை வாங்கினாலும் வாங்குங்கள். அதைக் கொழுவ முதல், வந்தவரைப் பார்த்து, சாவியோடு வேறு என்ன போனது என்று கேளுங்கள். ஒன்றுமில்லை என்றுதான் முக்கால்வாசிப் பேர் சொல்வார்கள். சிலர் உடனே பதில் சொல்லமாட்டார்கள். அவர்களிடம் இன்னும் ஒருதரம் கேளுங்கள், ஆனால் தம்பியையோ தமையனையோ சோடா வாங்க அனுப்பிவிட்டுக் கேளுங்கள்.