நான் முங்கவைத்த லாஞ்சு

எழுபதுகளின் தொடக்கம். கேரள எல்லைக்குள், பனச்சமூட்டுக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. திருவனந்தபுரத்தில், பல்கலைக்கழகத்தில் விளம்பரமும் மக்கள் தொடர்பும் படித்துக்கொண்டிருந்தேன். "சோப்பு விக்கதுக்கும் படிப்பு உண்டோலே?" என்று முடிவெட்டும் கடைக்காரர் கேலி செய்வார்.

ஒரு செய்தி வாய்வழியாக எப்படிப் பரவுகிறது என்று கவனித்து எழுதிவரச் சொன்னார் எங்கள் ஆசிரியர். ஊரில் நடந்த ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னார். எனக்கு அது சப்பென்று பட்டது. நானே ஒன்றைக் கட்டிவிட்டால் அது எங்கே தொடங்கியது என்று துல்லியமாகத் தெரியுமே! அந்தக் கெட்டிக்காரத்தனம் முழுக்க என்னுடையது.

அந்த நாளில் எங்கள் பக்கத்து ஆட்கள் பம்பாய் போய், பாஸ்போர்ட் இல்லாதவர்களை ஏற்றும் கள்ள விசைப்படகான லாஞ்சில் ஏறி வளைகுடாவுக்குப் போவார்கள். ஒருநாள் காலை முடிவெட்டும் கடையில், "ஒரு லாஞ்சு முங்கிப் போச்சாம்" என்று போகிறபோக்கில் சொன்னேன். பிறகு சந்தை, பஸ் நிறுத்தம் என்று சுற்றி, யாருக்கு எத்தனை மணிக்குச் செய்தி வந்தது என்று விசாரித்து நோட்டில் குறித்தேன். மீன்காரம்மா, தான் கடைசியாகப் போய்ச் செய்தி சொன்ன வீட்டுக்காரியின் பெயரைச் சொன்னார். அதையும் எழுதினேன். எழுதும்போதுகூட எனக்கு உறைக்கவில்லை.

மத்தியானம் கடைக்காரர் என்னைக் கூப்பிட்டார். "எலே மக்கா, நீ சொன்னது நேராக்கும். பதினோரு பேராம். நம்ம பக்கத்து வெள்ளறடைக்காரனுவ ரெண்டு பேரு உண்டு. ரேடியோவில சொன்னானாம்."

நிஜமாகவே முங்கியிருக்குமோ என்று ஒரு கணம் நானே நம்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்தால் பக்கத்து வீட்டில் கூட்டம். குடியிருப்பவருக்கே மனை என்று கேரளத்தில் நிலச் சட்டம் வந்தபிறகு சொந்தமான பத்து சென்ட்டில் குடியிருந்தவர்கள். அந்த வீட்டு அக்காவின் கணவர் இரண்டு மாதம் முன்புதான் லாஞ்சில் போயிருந்தார். கடிதம் இல்லை. அக்காவுக்கு அது ஏழாம் மாதம். எல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். அன்று காலை அவர்கள் முற்றத்தைக் கடந்துதான் போயிருந்தேன்.

அக்கா அழவில்லை. சுவரில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார். சபைப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து ஜெபம் செய்தார்கள். நான் குனிந்து, "அக்கா, அது பொய்யாம். நான் விசாரிச்சேன்" என்றேன். பொய் என்னுடையது என்று சொல்ல நாக்கு எழவில்லை. வாசலில் அவருடைய கொழுந்தன்மார் இரண்டு பேர் நின்றிருந்தார்கள்.

"எனக்க சமாதானத்துக்காக்கும் சொல்லுதே மக்கா" என்று அக்கா கண்ணை மூடிக்கொண்டார்.

நான் வெளியே வந்து கொழுந்தன்மாருக்குப் பக்கத்திலேயே நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. உள்ளே அக்கா வலியில் கத்தினார். அப்போதுதான் ஓடிப்போய் நோட்டை நீட்டி எல்லார் முன்னாலும் சொன்னேன். மூத்த கொழுந்தன் என்னை அறைந்தார். நோட்டைப் பிடுங்கி உரக்கப் படித்தார். பெயர்களும் நேரங்களும். கடைசிப் பெயர் அக்காவுடையது.

அக்கா கண்ணைத் திறந்தார். "எனக்க பேரை எழுதும்போ உனக்கு ஒண்ணும் தோணலியாலே?"

ஜீப் பிடித்து நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அன்று சாயங்காலமே பிள்ளை பிறந்தது. இரண்டு நாள்தான் உயிரோடு இருந்தது. மறுவாரம் அவர் கணவரிடமிருந்து கடிதம் வந்தது, சுகமாகக் கரை சேர்ந்ததாக.

வேறு காரணமும் இருந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். பல வருடம் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தூங்கப் பார்த்தேன்.

பொய் சொன்னதற்கு இளம் வயது என்று ஒரு சாக்காவது உண்டு. அடிக்குப் பயந்து, பாதி உண்மையை மட்டும் சொல்லிவிட்டு அந்த வாசலில் நின்றேனே, அதற்கு இந்த வயதிலும் நான் ஒரு சாக்கைக் கண்டுபிடிக்கவில்லை.