களத்துமேட்டில் பறந்த தட்டுகள்

ஆகாயத்தில் பறந்துபோகும் சட்டிமூடி ஒன்றைத் துப்பாக்கியால் சுட்டிருக்கிறீர்களா? இல்லையென்றால், 'இதென்ன பெரிய காரியமா' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நான் அப்படித்தான் சொன்னேன். அதற்குப் பிறகு ஒரு முழு ஆடி மாதம் எனக்குத் தோள்பட்டை வீங்கிக் கிடந்தது.

நான் பி.ஏ. தேறி இலஞ்சிக்குத் திரும்பி வந்த வருடம் அது. வேலை கிடையாது. தேடவும் இல்லை. தினம் காலையில் குற்றாலத்துக்கு நடந்துபோய் அருவியில் தலையைக் கொடுத்துவிட்டு வருவேன். அப்படி ஒருநாள் ஈரத்துண்டோடு வரும்போது, சீசனுக்கு வரும் அதிகாரிகளும் மலைத்தோட்டத்துத் துரைமார்களும் கூடும் கிளப்புக்குப் பின்னால் வேட்டுச் சத்தம் கேட்டது. வேலி ஓரமாகப் போய்ப் பார்த்தேன். தரையில் ஒரு குழி. குழிக்குள் ஒரு ஆள் உட்கார்ந்து இரும்புக் கை ஒன்றை இழுத்து விடுகிறான். கருப்பாக, உள்ளங்கை அகலத்தில் ஒரு தட்டு விர்ரென்று கிளம்புகிறது. பதினாறு கஜம் பின்னால் நிற்கும் துரை அதைச் சுடுகிறார். தட்டு அப்படியே புகையாகிப் போகிறது. அவ்வளவுதான் ஆட்டம். இருபத்தைந்து தட்டு, யார் அதிகம் உடைக்கிறாரோ அவர் கெட்டிக்காரர்.

கிளப் வாசலில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. சீசன் முடியும் வாரத்தில் போட்டி, துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருப்பவர்களும் அவர்கள் வீட்டாரும் கலந்துகொள்ளலாம், லைசென்ஸ்காரர் கூடவே நிற்க வேண்டும். உள்ளே போய் என் பேரைக் கொடுத்துவிட்டு வந்தேன். அப்பாவிடம் கேட்கவேண்டும் என்பது பாதி வழியில்தான் ஞாபகம் வந்தது.

துப்பாக்கி அப்பாவுடையது. இரட்டைக்குழல். கிழங்கு வயலில் பன்றி இறங்காமல் இருப்பதற்காக வாங்கிய லைசென்ஸ். அதில் அவர் பேர் மட்டும்தான் இருந்தது. என் பேரையும் அதில் ஏற்றிவிட வேண்டும் என்பது எனக்குக் காலேஜ் நாள் முதலே ஆசை. அப்பாவுக்கோ கண் மங்கிக்கொண்டு வந்தது. வருட முடிவில் துப்பாக்கியைத் தென்காசித் தாலுகா கச்சேரியில் ஒப்படைத்துவிடலாம் என்றே அவர் பேசிக்கொண்டிருந்தார்.

நான் விஷயத்தைச் சொன்னதும் அப்பா தேங்காய் எண்ணுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"எத்தன தட்டு எறிவானுவ?"

"இருவத்தஞ்சு."

"பாதிக்கு மேல ஒடை. ஒன் பேர லைசென்ஸ்ல ஏத்துதேன். ஒடைக்கல்லன்னு வையி, வருசக் கடைசியில துப்பாக்கிய ஒப்படைச்சிருவேன். பொறவு கேக்கக் கூடாது."

"பதிமூணா? அதுக்கென்னப்பா, கண்ண மூடிட்டு ஒடைச்சிருவேன்."

"கண்ணத் தொறந்தே ஒடைலே, மூதி."

இப்படித்தான் நான் பதிமூன்றில் மாட்டிக்கொண்டேன்.

பழக வேண்டுமே, தட்டுக்கு எங்கே போவது? துரைமார் தட்டு தாரும் சுண்ணாம்பும் சேர்த்து வார்த்தது, பெட்டிபெட்டியாக எங்கிருந்தோ வருகிறது. எனக்கு மண்தட்டு போதும் என்று ஊர்க்கோடியில் சட்டிபானை செய்கிறவரிடம் போனேன். அளவைக் கையால் காட்டினேன். "ஆகாசத்துல எறியதுக்கு அண்ணாச்சி" என்று விளக்கமும் சொன்னேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. எட்டு நாள் கழித்து ஒரு கூடை நிறையக் கொடுத்தார். சிவப்பாக, மழமழவென்று, விளிம்பு மடித்து, பார்க்கவே அழகாக இருந்தன.

எறிவதற்குச் செங்கோட்டை பஸ் ஷெட்டில் கிடந்த ஒடிந்த இரும்பு வில்லுப்பட்டை ஒன்றை வாங்கிவந்து ஒரு மாம்பலகையில் முடுக்கினேன். பின்னால் இழுத்து ஒரு கொக்கியில் மாட்டி, கயிற்றைச் சுண்டினால் தட்டு கிளம்பும். யார் சுண்டுவது? அங்கேதான் என் தங்கச்சி வந்தாள்.

அவளுக்குத் தை மாதம் தென்காசியில் கல்யாணம் ஆகியிருந்தது. தலை ஆடி என்று அம்மா போய் அழைத்துவந்திருந்தாள். புதுப்பெண் ஆடி முழுக்கப் பிறந்த வீட்டில்தான் இருக்கவேண்டும், ஒரு வேலையும் செய்யக்கூடாது. மூன்றாம் நாளே அவளுக்குச் சுவரைப் பார்த்துப் பார்த்துப் பைத்தியம் பிடித்துவிட்டது. களத்துமேட்டுச் சுவருக்குப் பின்னால் வில்லுப்பட்டையை வைத்ததும் வந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "சீராட வந்த புள்ளைய வேட்டுக்கு நடுவுல ஒக்கார வச்சிருக்கானே! மாப்பிள வீட்டுக்காரவுக வந்து பாத்தா என்ன சொல்லுவாவ?"

"செவருக்கு இந்தப் பக்கம்தான்மா இருக்கேன். அண்ணன் குறிக்குச் செவரே படாது, நான் எங்கன பட?" என்றாள் தங்கச்சி.

அப்பாவும் வருவார். அவர் களத்தில் இருக்கும்போது மட்டும்தான் துப்பாக்கி வெளியே வரும் என்பது கட்டளை. கட்டிலைப் போட்டு, தேங்காய் உரிப்பதைப் பார்க்கிற மாதிரி உட்கார்ந்திருப்பார்.

தட்டை இழுத்து விடச் சொல்லிக் கிளப்பில் இங்கிலீஷில் 'புல்' என்று கத்துவார்கள். எனக்கு அது வாயில் வரவில்லை. "போடு" என்பேன். அவள் சுண்டுவாள். முதல் நாள் பத்து வேட்டு, ஒன்றும் படவில்லை. இரண்டாம் நாளும் அப்படியே. எனக்குப் பன்றி சுட்ட பழக்கம்தான் உண்டு. நிற்கிற பன்றியைப் பார்த்து, மூச்சை அடக்கி, குழலை ஆடாமல் நிறுத்தி, விசையை இழுப்பது. அப்பா கற்றுக்கொண்டதும் அதுதான். அவர் எனக்குச் சொல்லித்தர ஒன்றும் இல்லை. சொன்னது தங்கச்சிதான்.

"ஏண்ணே, சுடும்போது ஒன் துப்பாக்கி நின்னுபோவுதே, தட்டு நிக்கா?"

"ஏட்டி, நீ கயித்த மட்டும் சுண்டு."

"தட்டு போய்க்கிட்டே இருக்கு. நீயும் கூடவே போ. அத முந்திட்டுப் போயி சுடு. நின்னா அது எங்கனயோ போயிருது, நீ காத்தச் சுடுத."

பி.ஏ. படித்தவன் அடுத்த வேட்டில் குழலை நிறுத்தாமல் கொண்டுபோனான். 'ணங்' என்று ஒரு சத்தம். கோயில் மணியில் கல் எறிந்த மாதிரி. தட்டு ஒரு குலுங்கு குலுங்கி, தென்னைமரத்தடியில் போய் முழுசாக விழுந்தது. ஓடிப்போய் எடுத்துப் பார்த்தோம். ரவை பட்ட இடத்தில் ஈயம் கருப்பாக ஒட்டியிருந்தது. விரிசல்கூட இல்லை.

கூடையைத் தூக்கிக்கொண்டு மண்பாண்டக்காரரிடம் போனேன்.

"அண்ணாச்சி, இது ஒடைய மாட்டேங்கே."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "எப்படித் தம்பி ஒடையும்? ஆகாசத்துல எறியணும்னியளே, கீழ விழுந்தா ஒடையக் கூடாதுன்னு களிமண்ண நாலு தடவ மிதிச்சு, ரெண்டு சூளை வச்சு எடுத்தேன். தைரியமா எறியுங்க."

"ஒடையணும் அண்ணாச்சி. சுட்டா ஒடையணும், அதுக்குத்தான் கேட்டேன்."

"ஒடையதுக்காவ எவனாவது சட்டி செய்வானா?"

கடைசியில் எனக்காக மனசில்லாமல் அரைவேக்காட்டில் ஒரு கூடை இறக்கிக் கொடுத்தார். "நான் செஞ்சதுன்னு யார்கிட்டயும் சொல்லிராதிய" என்றும் கேட்டுக்கொண்டார். அந்தத் தட்டுகள் வில்லுப்பட்டை அடித்த அடியிலேயே பொடிப்பொடியாகித் தங்கச்சி தலையில் கொட்டின. புதுப்பெண் செம்மண் பூசிக்கொண்டு எழுந்தாள். பழையபடி கெட்டித் தட்டுக்கே வந்தோம். உடைந்தால்தான் பட்டதாக அர்த்தம் என்பதை விட்டுவிட்டோம். 'ணங்' என்றால் பட்டது. சத்தம் இல்லையென்றால் இல்லை. கட்டிலில் இருந்து அப்பாவும் அப்படித்தான் எண்ணினார். ஒரு நல்லதும் இருந்தது. ஒரே கூடையை மாதம் முழுக்க எறியலாம்.

தோட்டாதான் கையைக் கட்டிப்போட்டது. வருடத்துக்கு இவ்வளவு என்று லைசென்ஸில் கணக்கு. போட்டிக்கு ஒதுக்கியது போகப் பாதி நாள் வெறும் குழலோடுதான் பழகினேன். தங்கச்சி எறிவாள், நான் குழலை ஓட்டிக்கொண்டு போய் வாயாலேயே 'டமார்' என்பேன். அவளும் சும்மா இருக்கமாட்டாள், 'ணங்' என்பாள். அந்தக் கணக்கில் நான் இருபத்தைந்துக்கு இருபத்தைந்து.

போட்டி அன்று காலையிலிருந்தே சாரல். தோட்டா காகிதக்கூடு, ஈரம் பட்டால் ஊதிப்போய்க் குழலுக்குள் இறங்காது. அதனால் அம்மாவின் அப்பளத் தகரடப்பாவில் போட்டு இறுக்கி மூடிக் கொண்டுபோனேன். வரிசையில் நின்ற துரைமார் எல்லாம் தோல்பை, நான் மட்டும் அப்பள டப்பா. ஒரு துரை மூக்கை உறிஞ்சி, பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். அடுத்த சுற்றில் அவருடைய தோட்டா பாதியில் சிக்கிக்கொண்டது. நானும் கொஞ்சம் சிரித்துக்கொண்டேன்.

என் முறை வந்தது. அப்பா குடையோடு பின்னால் நின்றார். அம்மாவும் தங்கச்சியும் வேலிப்பக்கம். நடுவராக நின்ற துரை தலையசைத்தார்.

"போடு!" என்றேன்.

துரை திடுக்கிட்டார். குழிக்குள் இருந்த ஆள் பக்கத்து ஊர்ப் பண்பொழிக்காரன், அவனுக்குப் புரிந்துவிட்டது. எறிந்துவிட்டான். நான் சுட்டுவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். சத்தமே இல்லை. போச்சு என்று நினைத்தேன். "ஹிட்" என்றார் துரை. எனக்குப் புரியவில்லை. அடுத்ததும் சத்தமில்லை. "லாஸ்ட்" என்றார், தவறிவிட்டது என்று அர்த்தம். எது பட்டது எது படவில்லை என்று எனக்கே தெரியாமல், ஒவ்வொரு வேட்டுக்கும் பிறகு செவிடன் மாதிரி நின்றுகொண்டிருந்தேன். மனசு கலைந்ததும் பழைய பன்றிப் பழக்கம் திரும்பிவிட்டது. குழல் நிற்க ஆரம்பித்தது. பத்துத் தட்டில் மூன்று.

வேலிப்பக்கத்திலிருந்து தங்கச்சி குரல் வந்தது.

"அண்ணே! இது மணி அடிக்காது! கண்ணால பாரு! நிக்காத, கூடப் போ!"

அம்மா அவள் வாயைப் பொத்தியதை நான் பார்க்கவில்லை, பிறகு சொன்னார்கள். நான் தட்டைப் பார்த்தேன். முதல் தடவையாக உடைவதைப் பார்த்தேன். கருப்பாகச் சிதறியது. அடுத்தது. அதற்கடுத்தது. நடுவில் நாலு தவறியது. இல்லை, எண்ணிப் பார்த்தால் ஐந்து. இருபத்து நாலு தட்டு முடிந்தபோது பன்னிரண்டு. மிச்சம் ஒன்று.

அப்பா குடையை மடக்கினார். நனைந்துகொண்டே நின்றார்.

"போடு!"

தட்டு இடதுபக்கமாகக் கிளம்பியது. கூடவே போனேன். முந்தினேன். இழுத்தேன். தட்டு குலுங்கியது. அதிலிருந்து கரித்தூள் மாதிரி ஒரு சின்னப் புகை எழும்பியது. நான் கையைத் தூக்கிவிட்டேன். தட்டு புகையைத் தாண்டிப் போய்ப் புல்லில் முழுசாக உட்கார்ந்தது.

"லாஸ்ட்" என்றார் துரை.

காலேஜில் படித்த இங்கிலீஷ் முழுவதையும் அவர்மேல் கொட்டினேன். தூள் பறந்ததே சார், எல்லாரும் பார்த்தார்களே சார். அவர் பொறுமையாகக் கேட்டார். துண்டு ஒன்றாவது உடைந்து கண்ணுக்குத் தெரிய வேண்டும், தூள் கணக்கில்லை என்றார். பண்பொழிக்காரன் ஓடிப்போய்த் தட்டை எடுத்து வந்தான். அதில் வரிசையாக மூன்று ஓட்டை. துரை அதைக் கையில் வாங்கி, திருப்பிப் பார்த்து, என்னிடம் கொடுத்தார். ஓட்டையும் கணக்கில்லை.

தட்டை அப்பாவிடம் கொண்டுபோனேன்.

"ஓட்டையப் பாருங்கப்பா. பட்டுருக்கு. நம்ம வீட்டுல இதப் பட்டதாத்தான எண்ணுவோம்?"

"நம்ம வீட்டுல."

"பதிமூணுப்பா."

"இது நம்ம வீடு இல்லலே. பன்னெண்டு." குடையை மறுபடி விரித்தார். "வா, நனையாத."

வீட்டுக்கு நடந்தோம். வழியில் அம்மா டப்பாவை மோந்து பார்த்துவிட்டு, இனி இதில் அப்பளம் வைக்கமுடியாது என்றாள்.

ஆடி முடிந்து தங்கச்சியைத் தென்காசிக்கு அனுப்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம், தோப்புக்குள் நின்றுகொண்டிருந்தேன். களத்துமேட்டில் வேட்டுச் சத்தம். எட்டிப் பார்த்தேன். அப்பா துப்பாக்கியோடு நிற்கிறார். சுவருக்குப் பின்னால் தங்கச்சி. ஒரு தட்டு போனது. வேட்டு. ணங் இல்லை. இன்னொன்று. இல்லை. ஆறு வேட்டு வரை நானும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

"ஏட்டி, கொஞ்சம் மெள்ள எறியேன்" என்றார் அப்பா.

"வில்லுப்பட்டைக்கு மெள்ளத் தெரியாதுப்பா."

"நான் குழல நிறுத்துதேனோ?"

"நல்லா நிறுத்துதிய."

அதற்குப் பிறகு அவர் சுடவில்லை. துப்பாக்கியை மடக்கித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். நான் பார்த்ததை அவரிடம் சொல்லவில்லை. துப்பாக்கியைப் பற்றிய பேச்சே வீட்டில் நின்றுபோனது.

இது மார்கழி. லைசென்ஸ் தவணை இந்த வாரத்தோடு முடிகிறது. இன்று காலையில் அப்பா வந்து லைசென்ஸையும் நாலு வெள்ளைத்தாளையும் என் மேஜையில் வைத்தார்.

"தாசில்தாருக்கு இங்கிலீசுல ஒரு மனு எழுது."

"ஒப்படைக்கதா எழுதணுமா?"

"புதுப்பிக்கணும்னு எழுது. கீழ ஒன் பேரையும் சேரு."

"பன்னெண்டுதானப்பா ஒடைச்சேன்."

"எனக்கு எண்ணத் தெரியாதா? எழுதுலே."

செருப்பை மாட்டிக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார். மதியம் வந்து கையெழுத்துப் போடுவாராம். நான் மனுவுக்குப் பதிலாக இதை எழுதிக்கொண்டிருக்கிறேன், பொடி எழுத்தில், இரண்டு பக்கமும். தாள் மூன்று போய்விட்டது. ஒன்று மிச்சம் இருக்கிறது.