எட்டாத கைக்கு ஒரு வண்டி

இந்த ஊரில் பிள்ளைகள் தபால் எடுக்கக்கூட வண்டியில்தான் போகிறார்கள். தபால்காரர் வாசலுக்கு வருவதில்லை. பெரிய சாலை முனையில் எல்லா வீட்டுப் பெட்டிகளும் வரிசையாக நிற்கும். பள்ளிக்கூடம் விட்டதும் பன்னிரண்டு, பதிமூன்று வயதுப் பிள்ளைகள் ஏடிவியில் ஏறிப் புல்வெளியோரமாகப் பறப்பார்கள். நம் ஊரில் இருப்பவர்களுக்கு அதை எப்படிச் சொல்வது? மோட்டார் சைக்கிளுக்கு நான்கு கொழுத்த சக்கரங்களை மாட்டினால் அதுதான் ஏடிவி. சேறு, பனி, பள்ளம் எதுவும் அதற்குப் பொருட்டில்லை. கனடாவின் சஸ்காச்சுவானில், பொட்டாஷ் உப்பு எடுக்கும் சுரங்கத்தில் எலக்ட்ரீசியனாகச் சேர்ந்து எட்டு வருஷம் ஆன பிறகும், அந்தப் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்குப் பயம்தான். ஆனால் என் மகள் சுமதி மட்டும் அரை மைல் நடந்து போய்த் தபால் எடுத்து வந்தாள். தோழிகள் எல்லாம் வண்டியில் போன பிறகு அவள் தனியாக நடந்து வருவதைப் பார்க்கத்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

பதிமூன்றாவது பிறந்தநாளுக்கு ஓர் ஏடிவி வாங்கித் தருவதாகச் சொல்லிக் கடைக்கு அழைத்துப் போனேன். கடைக்காரர் டக், அறுபது வயதிருக்கும், நிதானமாகப் பேசுகிறவர். நான் காட்டிய பெரிய நீல வண்டியில் அவளை உட்காரச் சொன்னார். ஹாண்டில்பாரை இடது பக்கம் முழுக்கத் திருப்பச் சொன்னார். அவள் திருப்பியபோது வலது கை பிடியை விட்டு நழுவியது. கை எட்டவில்லை என்று டக் தலையை ஆட்டிவிட்டு, மூலையில் நின்ற குட்டிச் சிவப்பு வண்டியைக் காட்டினார்.

எனக்குச் சுருக்கென்றது. என் நிறத்தையும் பழைய கோட்டையும் பார்த்துத்தான் மட்டமானதைத் தள்ளிவிடப் பார்க்கிறான் என்று நினைத்தேன். மூக்கின் மேல் கோபம் வைத்துக்கொண்டு திரிகிற ஆள் நான். "ஐ ஹாவ் மணி" என்று கடையே திரும்பிப் பார்க்கிற மாதிரி சொன்னேன். டக் விழித்தார். தான் பணத்தைப் பற்றிப் பேசவே இல்லை, அவளுடைய கையைப் பற்றித்தான் பேசியதாகச் சொன்னார். அது என் காதில் ஏறினால்தானே!

"நைனா, சின்னதே போதும்" என்று சுமதி என் சட்டையை இழுத்தாள்.

"சும்மா இருடி. வளர்ற புள்ள. அடுத்த வருசமே அது பத்தாம பூடும்."

எங்கள் ஊரில் எல்லாமே அப்படித்தான். பள்ளிக்கூடத்துப் பாவாடையை இரண்டு மடிப்பு உள்ளே மடித்துத் தைத்து, வருஷத்துக்கு ஒன்றாகப் பிரித்துவிடுவோம். வண்டிக்கு மடிப்பு இல்லை என்பது எனக்கு உறைக்கவில்லை. பெரிய வண்டியைப் பதினாறு வயதுக்குக் கீழே உள்ளவர்கள் ஓட்டக் கூடாது, இவளுக்கு என்ன வயது என்று டக் கேட்டார்.

"சிக்ஸ்டீன்" என்றேன். சுமதி என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

அந்தப் பார்வையை நான் முன்பே ஒருமுறை பார்த்திருக்கிறேன். எழுபதுகளின் நடுவில், கனடா போக எனக்குக் காகிதங்கள் வந்த சமயம். பழவேற்காடு ஏரியோரக் கோட்டைக்குப்பத்தில் நாங்கள் மீன்பிடிக் குடும்பம். நான் ஒருவன்தான் படித்து வெளியே வந்தவன். நான் கிளம்பிவிட்டால் பெண்ணை யார் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பார்கள், ஏரியில் இறங்கிக் கையால் எறா தடவிப் பிடிக்கப் போய்விடுவாளே என்று பயம். நாலரை வயதுகூட நிரம்பாத சுமதியைப் பழவேற்காட்டுப் பள்ளிக்கு இழுத்துப் போனேன். பிறந்த தேதிக்கு எங்களிடம் ஏது காகிதம்? வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொட்டால் ஐந்து வயது, அவ்வளவுதான் கணக்கு. சுமதியின் விரல்கள் காதுக்கு இரண்டு அங்குலம் மேலேயே நின்றுவிட்டன.

"இன்னாய்யா, எட்டல போலக்குதே?" என்றார் தலைமையாசிரியர்.

"எட்டுது சார், எட்டுது. புள்ளைக்குக் கூச்சம்." சொல்லிக்கொண்டே அவள் முழங்கையைப் பின்னாலிருந்து ஒரு தள்ளு தள்ளினேன். விரல் காதில் பட்டது. அவர் சிரித்துக்கொண்டே ஐந்து என்று எழுதினார். சுமதி தன் கைக்கு அடியிலிருந்து என்னைப் பார்த்தாள். வீட்டுக்குத் திரும்பும் வழியில், "நைனா, நெஜமாவே எட்டிச்சா?" என்று கேட்டாள். "எட்டிச்சிடி" என்றேன். அன்று முழுக்கத் தெருவில் எல்லோரிடமும் தலைக்கு மேல் கையை வைத்துக் காட்டிப் பீற்றிக்கொண்டிருந்தாள். தாயையும் மகளையும் நான் இங்கே அழைத்துக்கொள்ளும் வரை அந்தப் பொய்யால் அவள் படித்தாள். அதனால் அதை நான் சாமர்த்தியம் என்றே நினைத்திருந்தேன்.

நீல வண்டி வந்த மூன்றாவது வாரம், தபால் எடுத்துத் திரும்பும்போது பாலத்தருகே ஹாண்டில்பாரை இடது பக்கம் ஒடித்துத் திருப்பியிருக்கிறாள். டக்கின் கடையில் நழுவிய அதே கை நழுவியது. வண்டி அவளோடு பள்ளத்தில் உருண்டது. வலது தோளெலும்பு முறிந்துவிட்டது. ஹெல்மெட் போட்டிருந்ததால் உயிர் தப்பினாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் வயது கேட்டபோது, வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்த பிள்ளை, என்னைப் பார்த்துவிட்டு, "சிக்ஸ்டீன்" என்றது.

"இன்னாடி உளர்ற? பதிமூணுதானே?" என்று பதறினாள் என் மனைவி தனம்.

சுமதி என் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டாள். "கடையில நீ அப்டிதானே நைனா சொன்ன?"

என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று பொய் சொல்லியிருக்கிறாள். எலும்பு முறிந்து கிடக்கும்போதும் அவளுக்கு என் மானம்தான் பெரிதாக இருந்திருக்கிறது.   நர்ஸிடம் "தர்ட்டீன்" என்று நானே திருத்திச் சொன்னேன். வெட்கமாக இருந்தது. இதை எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது. அடிபட்ட வண்டியை வந்த விலைக்கு அந்தக் கடையிலேயே கொடுக்கச் சுரங்க நண்பன் ஒருவனை அனுப்பினேன். டக்கின் முகத்தில் விழிக்க எனக்குத் தைரியம் இல்லை. இன்றைக்கும் அந்தக் கடையிருக்கும் பக்கம் நான் நடப்பதில்லை.

ஆறு வாரம் கழித்துக் கட்டுப் பிரித்தார்கள். டாக்டர் ஓர் இளம்பெண். தோள் எவ்வளவு அசைகிறது என்று பார்க்க, தானே செய்து காட்டினார். வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொட வேண்டும். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சுமதி கையைத் தூக்கினாள். அது உச்சந்தலை வரை வந்து, அதற்கு மேல் போகவில்லை. என் கை தானாக அவள் முழங்கையை நோக்கிக் கிளம்பியது. அவள் கைக்கு அடியிலிருந்து என்னைப் பார்த்தாள். நான் கையைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன்.

தொடுகிறதா என்று டாக்டர் கேட்டார்.

"எட்டல" என்றேன். என் வாயில் தமிழ்தான் வந்தது. டாக்டருக்குப் புரியவில்லை. சுமதிதான் இங்கிலீஷில் சொன்னாள். அப்போதும் அவள் கையை இறக்கவில்லை. அது உச்சந்தலையில், இரண்டு காதுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தது.