நத்தாருக்குக் கட்டிய வெள்ளைக் கொடி

நான் என் சொந்த நாட்டுக்கு முதன்முதலாகப் போனபோது எனக்குப் பதினொரு வயது. எல்லோரும் அதைத் 'திரும்பிப் போவது' என்றார்கள். முகாம் அதிகாரி, விமான நிலையத்தில் முத்திரை குத்தியவர், திருகோணமலையில் எங்களுக்கு வீட்டை வாடகைக்குத் தந்தவர், எல்லோரும். திரும்புவதென்றால் ஒருமுறையாவது அங்கிருந்து புறப்பட்டிருக்க வேண்டாமா? நான் பிறந்தது தமிழ்நாட்டில், அகதி முகாமில், தகரக் கூரை போட்ட ஓர் அறையில். அம்மாவும் அப்பாவும் பெரியம்மாவும்தான் சண்டைக் காலத்தில் மூதூரிலிருந்து வள்ளமேறி வந்தவர்கள். எனக்கு இலங்கை என்பது பெரியவர்கள் பெருமூச்சு விடுவதற்காக வைத்திருந்த ஒரு பெயர், அவ்வளவுதான்.

பெரியம்மாவும் எங்களோடுதான் வந்திருக்க வேண்டும். அவருடைய தாள்களில் எங்கோ ஒரு கையெழுத்துக் குறைந்துவிட்டது. "நீங்கள் முதல்ல போங்கோ, நான் அடுத்த பிளேனில வந்திடுவன். நத்தாருக்கு அங்க நிப்பன்" என்றார். அவ்வளவு காலம் முகாமில் இருந்தும் கிறிஸ்மஸை நத்தார் என்றுதான் சொல்லுவார். நாங்கள் வந்திறங்கிக் கொஞ்ச நாளிலேயே கொரோனா வந்தது. அடுத்த பிளேன் என்று ஒன்று இல்லாமலே போயிற்று.

அம்மா முகாமில் வேலைக்குப் போகிறவர் என்பதால் என்னை வளர்த்தது பெரியம்மாதான். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. மூங்கில் பிளந்து, கலர் தாள் ஒட்டி, உள்ளே பல்பு வைத்து ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் ஒரு நட்சத்திரம் செய்வார். முகாமிலேயே பெரியது எங்களுடையதாக இருக்க வேண்டும் என்பதில் அவருக்கு அப்படியொரு வீம்பு. பாட்டுப் பாடிக்கொண்டு வீடு வீடாக வருகிற கூட்டம் எங்கள் வாசலில் மட்டும் இரண்டு பாட்டுப் பாடாமல் போக முடியாது. விடவே மாட்டார்.

திருகோணமலையில் எங்கள் வீடு துறைமுகத்துக்குப் பின்னால் ஒழுங்கை என்கிற ஒரு சந்தின் கடைசியில் இருந்தது. ஓர் அறை, சமைக்க ஒரு குசினி. அப்பாவுக்கு மரம் விற்கிற மரக்காலையில் கூலி வேலை, அதுவும் ஊரடங்கு இல்லாத நாட்களில் மட்டும். பள்ளிக்கூடம் திறந்தது, மூடியது, திறந்தது, மூடியது. திறந்திருந்த நாட்களில் நான் "என்னங்க டீச்சர்" என்று இந்தியத் தமிழில் கேட்டால் வகுப்பே சிரித்தது. அந்த வருடம் முழுவதும் வீட்டில் எல்லோரும் களைத்துப்போய்க் கிடந்தோம். ஒன்றும் செய்யாமலே இவ்வளவு களைக்கலாம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அப்பா கதிரையில் உட்கார்ந்தால் எழும்பமாட்டார். அம்மா எதைக் கேட்டாலும் "பிறகு பாப்பம்" என்பார். பெரியம்மா எப்போது வருவார் என்று கேட்டாலும் அதே 'பிறகு பாப்பம்'தான்.

மார்கழி வந்தது. நத்தார்ப் பூசைக்கு மாதா கோயிலில் ஐம்பது பேர்தான் என்றார்கள். அந்தக் கோயில் பங்குக்குப் புதிதாக வந்த எங்களுக்கு அதில் இடம் கிடைக்கவில்லை. வீடு வீடாகப் பாடுவது தடை. ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவதும் தடை. மருந்துக் கடையும் சாப்பாட்டுக் கடையும் தவிர மற்றவை பாதி நாள் பூட்டுத்தான்.

இதை இப்போதே சொல்லிவிடுகிறேன்: அந்த நத்தார் வாரம் தொடங்கியபோதே பெரியம்மா இறந்துவிட்டிருந்தார். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் முகாமுக்குத் திரும்பவில்லை. அடக்கத்தை யாரோ போனில் பிடித்து அனுப்பினார்களாம். அம்மாவுக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. பிள்ளைக்கு இந்த நாட்டில் முதல் நத்தார், அது முடியட்டும், வருடம் பிறந்த பிறகு சொல்லுவோம் என்று இரண்டு பேரும் முடிவெடுத்திருந்தார்கள்.

ஓர் அறையும் குசினியும் உள்ள வீட்டில் ஒளித்து அழ இடம் ஏது? அம்மா வெங்காயம் உரித்தார். ஒரு கிழமைக்குத் தேவையான வெங்காயத்தை ஒரே நாளில் உரித்தார். செத்த வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள், அயலவர்கள்தான் சமைத்துக் கொண்டுவருவார்கள் என்பது இங்கே வழக்கம். அம்மாவோ செத்த வீட்டை நெஞ்சுக்குள் பூட்டி வைத்துக்கொண்டு எனக்காகப் பயற்றம் பணியாரம் சுடப் பயறு வறுத்தார். ஏன் கண் சிவந்திருக்கிறது என்று கேட்டேன். புகை என்றார். காஸ் அடுப்பில் என்ன புகை என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

எனக்கு அப்போது வேறு கவலை. பெரியம்மா இல்லாததால் நட்சத்திரமும் இல்லை. நானே செய்வது என்று முடிவுகட்டி, ஈர்க்கிலை வளைத்து, பழைய பேப்பரை மாப்பசையால் ஒட்டி, ஒருவாறு நட்சத்திரம் மாதிரி ஒன்று செய்து வாசல் படலையில் கட்டினேன். விடிய எழும்பிப் பார்த்தால் ஈர்க்கில் மட்டும் தொங்குகிறது. திருகோணமலையில் மான்கள் தெருவில்தான் திரியும், மற்ற ஊர்களில் மாடு திரிகிற மாதிரி. அதில் ஒன்று, பசையின் ருசிக்கு, என் நட்சத்திரத்தை முழுதாகத் தின்றுவிட்டிருந்தது. போதாததற்கு இன்னும் கிடைக்குமா என்று படலையடியில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டும் இருந்தது. கோபத்தில் அழுகையே வந்துவிட்டது. கலர் தாள் வாங்கக் கடை திறக்கவில்லை. பேப்பர் கட்டினால் மான் விடப்போவதில்லை.

அப்போதுதான் துணி ஞாபகம் வந்தது. பக்கத்து வீட்டு அன்ரி பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவர். இந்த நாட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லோருக்கும் சீருடை வெள்ளைதான். வெட்டி மிஞ்சிய துண்டுகளை நிலம் துடைக்க வைத்துக்கொள்ளச் சொல்லி ஒரு பை நிறைய அம்மாவிடம் தந்திருந்தார். அந்தப் பை அலுமாரிக்குக் கீழே கிடந்தது. நத்தாருக்கு முதல் நாள் அப்பா விடியவே மீன் வாங்கப் போய்விட்டார். அம்மா குசினியில் எண்ணெய்ச் சட்டியோடு நின்றார். நான் அந்தத் துண்டுகளை முக்கோணம் முக்கோணமாக வெட்டி, சணல் கயிற்றில் வரிசையாகக் கட்டி, எங்கள் படலையிலிருந்து தொடங்கி, வேலிக் கதியால்களிலும் லைட் கம்பத்திலும் மாறிமாறி முடிந்துகொண்டு பெரிய ரோட்டு முகப்பு வரைக்கும் போனேன். ஏன் அவ்வளவு தூரம் என்றால், பெரியம்மா வந்தால் எந்த ஒழுங்கை என்று தெரியாமல் நிற்கக் கூடாது. பிளேன் இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் நத்தாருக்கு நிற்பேன் என்று சொன்னவர் பெரியம்மா. சொன்னால் செய்கிறவர்.

காற்றில் எல்லாம் சேர்ந்து படபடவென்று ஆடியது. வெள்ளை வெளேரென்று, அழுக்கில்லாமல், என்ன அழகு! இந்த நாட்டுக்கு வந்த பிறகு அன்றைக்குத்தான் நான் என்னை நினைத்து முதன்முதலாகச் சந்தோஷப்பட்டேன்.

இலங்கையில் வெள்ளைக் கொடியை வரிசையாகக் கட்டினால் செத்த வீடு. எந்த ஒழுங்கை, எந்த வீடு என்று வருகிறவர்களுக்குத் தெரிய, ரோட்டிலிருந்தே கட்டிக்கொண்டு வருவார்கள். இங்கே பால்குடிப் பிள்ளைக்கும் அது தெரியும். முகாமில் யாராவது செத்தால் மேளம் அடிப்பார்கள், ஒரு கறுப்புக் கொடியைக் கம்பத்தில் ஏற்றுவார்கள். வெள்ளையைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

முதலில் வந்தவர் சீருடை தைக்கிற அன்ரி. மாஸ்க்கின் மேல் சேலைத் தலைப்பையும் பொத்திக்கொண்டு, படலைக்கு வெளியே எட்டத்தில் நின்றார்.

"பிள்ளை, என்னம்மா நடந்தது வீட்டில?"

"கிறிஸ்மஸ், ஆன்ட்டி!" என்றேன், பல்லெல்லாம் தெரிய.

ஐயோ, அவர் முகம் போன போக்கு! அதிர்ச்சியில் பிள்ளைக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும். "கர்த்தரே" என்று நெஞ்சில் கைவைத்தார். அதற்குள் எதிர்வீட்டு உம்மா வந்துவிட்டார். பின்னால் இன்னும் ஆட்கள், எல்லோரும் மாஸ்க்கோடு, ஆளுக்கு ஆள் இடைவெளி விட்டு, கொடிகளுக்குக் கீழே குசுகுசுத்துக்கொண்டு நின்றார்கள். ஒழுங்கையில் அவ்வளவு பேர் இருக்கிறார்கள் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அதுவரை எங்களை எட்டிப் பார்க்க யாருக்கும் அனுமதியும் இல்லை, தேவையும் இல்லை.

பேச்சுச் சத்தம் கேட்டு அம்மா வெளியே வந்தார். கையெல்லாம் மா. படலையைப் பார்த்தார், வேலியைப் பார்த்தார், ஒழுங்கை நெடுகப் பார்த்தார். யாரோ அவருக்காகவே கட்டி வைத்துவிட்டு ஒளிந்துகொண்டதுபோல் ஒவ்வொரு கொடியாகப் பார்த்தார்.

"தங்கச்சி, ஆரம்மா தவறினது?" என்று அன்ரி கேட்டார்.

அம்மா மாக் கையை உடுப்பில் துடைத்தார். என்னைப் பார்த்தார். ஒருவரும் இல்லை, பிள்ளை தெரியாமல் கட்டிவிட்டாள் என்று சொல்லப்போகிறார் என்று நினைத்து நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஓம்," என்றார் அம்மா. "என்ர அக்கா. இந்தியாவில. முகாமில."

சொல்லிவிட்டு மணலில் அப்படியே உட்கார்ந்து ஒப்பாரி வைத்து அழத் தொடங்கினார். என்னைத் தூக்கி வளர்த்த அக்கா என்று சொல்லிச் சொல்லி அழுதார். கட்டிப்பிடித்துத் தேற்ற ஒருவருக்கும் அனுமதியில்லை. எல்லோரும் எட்ட நின்றே அழுதார்கள். எதிர்வீட்டு உம்மா மட்டும் படலையைப் பிடித்துக்கொண்டு, "எரிச்சாங்களா மகள், அடக்கினாங்களா?" என்று கேட்டார். கொரோனாவில் போனவர்களை இங்கே முஸ்லிம், கிறிஸ்தவர் என்று பாராமல் எரித்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. "அடக்கினது" என்றார் அம்மா. "அல்ஹம்துலில்லாஹ், அது போதும்" என்று அந்த உம்மா கண்ணைத் துடைத்தார்.

அப்பா ரோட்டு முகப்பில் கொடியைக் கண்டு, ஆர் வீடோ என்று பார்த்துக்கொண்டு நடந்திருக்கிறார். கொடி ஒவ்வொரு வீடாகத் தாண்டி எங்கள் வீட்டை நோக்கியே போகப் போக, நடை ஓட்டமாகிவிட்டது. மீன்பை எங்கே விழுந்தது என்று அவருக்கே தெரியாது. என்னையும் அம்மாவையும் உயிரோடு கண்டதும் வேலியைப் பிடித்துக்கொண்டு குனிந்து மூச்சு வாங்கினார். பிறகு என்னை இழுத்து அணைத்துக்கொண்டார். அடி விழும் என்று கண்ணை மூடியிருந்த எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

கடைசியாக மோட்டார் சைக்கிளில் சுகாதாரப் பரிசோதகர் வந்தார். யாரோ தகவல் கொடுத்துவிட்டார்கள். கொரோனாச் சாவு என்றால் ஒழுங்கையையே பூட்டிவிடுவார்கள்.

"பிரேதம் எங்க?"

"இஞ்ச இல்ல சேர், இந்தியாவில," என்றார் அப்பா.

"பிரேதம் இல்லாத செத்த வீடோ?" என்றவர், அம்மாவைப் பார்த்துக் குரலைத் தணித்தார். "சரி, சரி. கூட்டம் கூட ஏலாது. எல்லாரும் போங்கோ." மோட்டார் சைக்கிளைத் திருப்பியவர், போகிற போக்கில், "கொடி கிடக்கட்டும்" என்றும் சொன்னார்.

ஆட்கள் போன பிறகு நான் குசினிக்குள் அம்மாவிடம் ஒட்டிக்கொண்டு ரகசியமாகச் சொன்னேன்: "அம்மா, எம்மாம் நல்லா நடிச்சீங்க! எல்லாரும் நம்பிட்டாங்க. ஆனா பெரியம்மாவைப் போயி ஏன் சொன்னீங்க? வேற யாராச்சும் பேரைச் சொல்லியிருக்கலாம்ல?"

அப்பா என்னிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மா வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அடுப்பை அணைத்தார். மா அரைவாசி அப்படியே கிடந்தது.

அன்று பின்னேரம் எங்கள் படலையில் சாப்பாடு வந்து குவிந்தது. பாண் என்று இங்கே சொல்கிற பிரெட், பருப்பு, சம்பல், எதிர்வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்க் நிறைய இஞ்சித் தேத்தண்ணி. வைத்துவிட்டுத் தட்டிச் சொல்லிவிட்டு எட்டப் போய்விடுவார்கள். நத்தாருக்கு மீன்குழம்பு என்று காத்திருந்த எனக்குப் பருப்பும் பாணும். எல்லாம் ஒரு பொய்யால் வந்த வினை என்று நினைத்தேன். பொய்யென்றாலும், நான் ஏச்சு வாங்கக் கூடாது என்பதற்காகத்தானே அம்மா சொன்னார்? அந்த நன்றியும் இருந்தது, உயிரோடு இருக்கிறவரைச் செத்தவராக்கிய கோபமும் இருந்தது. நல்ல நாளும் அதுவுமாக இப்படியா சொல்வது?

பூசையைப் போனில் பார்த்தோம். பூசை முடிந்ததும், விளக்கு வைத்த நேரம், வாசற்படியில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வழக்கம்போல அதே போனில் பெரியம்மாவுக்கு வாட்ஸப்பில் பேசி அனுப்பினேன்.

"பெரியம்மா, ஹேப்பி கிறிஸ்மஸ். இன்னைக்கு ஒரு கூத்து நடந்துச்சு. நான் உங்களுக்காகக் கொடி கட்டுனேன், அது இங்க சாவு வீட்டுக் கொடியாம். என்னை யாரும் திட்டக் கூடாதுன்னு அம்மா, நீங்க செத்துட்டீங்கன்னு ஊருக்கே பொய் சொல்லிட்டாங்க. அவங்க மேல கோவிச்சுக்காதீங்க. நீங்க வந்து எறங்குனதும் எல்லாரும் பேயின்னு பயந்து ஓடப்போறாங்க பாருங்க. சீக்கிரம் வாங்க."

ஒரே ஒரு சரிக்குறி விழுந்தது. இன்னொன்று விழக் காத்திருந்தேன். அம்மா போனை என் கையிலிருந்து வாங்கி, நான் பேசியதைக் காதோடு வைத்துத் திரும்பக் கேட்டார். பிறகு இன்னொரு தடவை கேட்டார். வெங்காயமும் இல்லை, அடுப்பும் இல்லை. தலைக்கு மேல் கொடிகள் ஆடிக்கொண்டிருக்க, ஒழுங்கைக்கே கேட்கும்படி வாய்விட்டு அழுதார்.

பொய் பிடிபட்டால் பெரியவர்களுக்கும் வெட்கமாகத்தான் இருக்கும்போல என்று நினைத்தேன். பார்க்கப் பாவமாக இருந்தது. அம்மாவின் முதுகைத் தடவிக்கொடுத்து, "விடுங்கம்மா, நான் பெரியம்மாகிட்ட பேசிக்கிறேன்" என்று சொல்லி, அவரை மன்னித்துவிட்டேன்.